யார் பேருக்கு

ஸ்டெஜாரா, 9 மார்ச் 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் அனைவரும் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு பேனாவை எடுத்தேன். பெத்ரு மாமாவுக்கு இடுப்புவலி குறைந்திருக்கிறது. ஃப்ரோசா மாமி நலம். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய எண்ணெய், காபித்தூள், சோப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. மாமி நன்றி சொல்லச் சொன்னார்கள். நான் நன்றாகப் படிக்கிறேன். மாமிக்கு உதவியாக இருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் கைகளை முத்தமிடும் மகள்,
ஔரிகா


அதே நாள், இரவு

அம்மா,

பகலில் எழுதியது மாமி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. இது நான் எழுதுவது. சமையலறையில் அடுப்போரமாக உட்கார்ந்திருக்கிறேன். மாமா இருமினால் விளக்கை அணைத்துவிடுவேன். அதனால் சில வரிகள் கோணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

நீ நலமா? தூங்க முடிகிறதா? நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவியம்மா ராத்திரியெல்லாம் மணி அடித்துக் கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். இப்போதும் அப்படித்தானா?

குறை இல்லை என்று எழுதினேன். சொல்கிற மாதிரி எதுவும் இல்லைதான். ஆனால் நான் கதவைத் திறந்தால் உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது. ரொட்டி வெட்டும்போது மாமி என் கையையே பார்க்கிறார். அவர் அப்படிப்பட்டவர்.

ஆத்மாக்களின் ஈஸ்டருக்கு வருவாயா? கிறிஸ்துமஸுக்கு வராதவர்கள்கூடக் கல்லறையில் சாப்பாடு வைக்கும் அந்த நாளுக்கு ஊர் வந்துவிடுகிறார்கள். போன மூன்று வருடமும் தாத்தாவின் கல்லறையில் நான் மாமிக்குப் பின்னால் நின்றேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "உங்கம்மா எங்கடி?" என்று என்னைத்தான் கேட்டார்கள். இந்த வருடம் நீ வந்தால் நான் உனக்கு முன்னால் நிற்பேன்.

பதிலை மாமியின் பார்சலுக்குள் வைக்காதே. மினிபஸ் டிரைவர் வலேராவின் கையில் கொடு. பள்ளிக்குப் போகிற வழியில் குறுக்குச் சாலையில் வாங்கிக்கொள்வேன்.

மாமா இருமுகிறார்.

ஔரிகா


பாதுவா, 6 ஏப்ரல் 2003

என் கண்ணே ஔரிகா,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும், தலைக்குக் குல்லாய் போடாமல் வெளியே போகக் கூடாது. இரண்டு கடிதமும் கிடைத்தன. ஒன்று மேசைமேல் இருக்கிறது. மற்றது என் உடுப்புக்குள் இருக்கிறது.

வருகிறேன். இங்கே தங்கி வேலை செய்வதற்கான அரசாங்கக் காகிதம் இந்த மாதம் வந்துவிடும் என்று கிழவியம்மாவின் மகன் சொல்கிறான். காகிதம் இல்லாமல் எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. அதனால்தான் இவ்வளவு நாள். அது கைக்கு வந்ததும் மினிபஸ்ஸில் ஏறிவிடுவேன். கல்லறைக்கு ரொட்டி சுட மாவு பிசைவது நான்தான் என்று மாமியிடம் சொல்லிவை.

உன் மாமா ஃபோனில் ஒரு செய்தி சொன்னார். மாஸ்கோவில் உன் அப்பாவை யாரோ பார்த்தார்களாம். சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானாம். ஊர்ப் பக்கம் வருகிற பேச்சே இல்லையாம். வர மாட்டான். அவன் அப்படிப்பட்ட ஆள். மனசு இருக்கிறவனுக்கு வழி கிடைக்கும், மனசு இல்லாதவனுக்குக் காரணம் கிடைக்கும். நீ அவனை நினைத்து ஏங்காதே.

மணி அடிக்கிறாள். போகிறேன்.

உன்னை ஆயிரம் முறை முத்தமிடும் அம்மா


ஸ்டெஜாரா, 6 மே 2003

ரயீசாவுக்கு ஃப்ரோசா அண்ணி எழுதுவது.

நாங்கள் நலம். வழக்கத்துக்காக எழுதுகிறேன்.

நீ வரவில்லை. அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. நேற்றுக் கல்லறையில் நடந்ததை ஊரார் உனக்குச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பாதிரியார் நம் கல்லறையில் ஜெபம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தார். உன் மகள் கையில் வளைய ரொட்டியும் மெழுகுவத்தியும் புதுத் துண்டும் கொடுத்து, "தாத்தா பேருக்குக் குடு" என்றேன். அகாஃபியா கிழவி வந்து கை நீட்டினாள். "யார் பேருக்குக் கண்ணு?" என்றாள், எல்லோரும் கேட்கிற மாதிரிதான்.

உன் மகள், "எங்கம்மா பேருக்கு" என்றாள்.

கிழவிக்கு ஒன்றும் புரியவில்லை. "அடி, அவ இத்தாலியில இல்ல இருக்கா?"

"ஆமா. அவ பேருக்குத்தான்."

உயிரோடு இருக்கிற தாயின் பெயரில், செத்தவர்களுக்குக் கொடுக்கிற ரொட்டி. சுற்றி ஊரே நிற்கிறது. நான் அறைந்தேன். மெழுகுவத்தி புல்லில் விழுந்து அணைந்தது. அவள் அழக்கூட இல்லை. கல் நெஞ்சு, ரயீசா. நம் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை. அது அவள் அப்பன் வீட்டு ரத்தம். மூன்று பிள்ளை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

இனி நீ பார்த்துக்கொள்.

ஃப்ரோசா


ஸ்டெஜாரா, 8 மே 2003, இரவு

அம்மா,

நீ உயிரோடு இருக்கிறாயா? உடம்பு எப்படி இருக்கிறது? தலை சுற்றுகிறதா? நெஞ்சு வலிக்கிறதா? எல்லாக் கடிதத்திலும் இதைக் கேட்பேன், ஆனால் இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

மாமி எழுதியிருப்பார். அவர் எழுதியது நடந்ததுதான். கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாதாம். யார் பெயருக்குக் கொடுத்தோமோ அவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தே தீருமாம். பள்ளியில் டோமினிகா சொன்னாள்: "உங்கம்மாவுக்கு இப்ப மேல ஒரு இடம் ஒதுக்கிட்டாங்க, நீதான் வாங்கிக் குடுத்திருக்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நான் அப்படிப்பட்டவள் இல்லை அம்மா. முந்தின ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டோம், நான் தூங்கவே இல்லை. அன்று கடுமையான வெயில். பக்கத்துக் கல்லறையில் எல்லோரும் விரிப்பு விரித்து ஒயின் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. மாமி அறைந்தது அப்படி இல்லை. மாமிக்கு எப்போதுமே கை நீட்டுகிற குணம்.

ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஔரிகா


ஸ்டெஜாரா, 15 ஜூன் 2003, இரவு

அன்புள்ள அம்மா,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

வாராவாரம் குறுக்குச் சாலையில் நிற்கிறேன். வலேரா என்னைத் தூரத்தில் கண்டதுமே தலையை ஆட்டிவிடுகிறார். "இல்ல புள்ள. கடுதாசிக்கு எடை கிடையாது, இருந்தா விட்டுட்டு வருவேனா? பன்னிக்கொழுப்பு மூட்டைன்னா மறப்பேன்" என்று சிரிக்க வைக்கப் பார்க்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமை பாதுவாவில் பஸ் நிற்கிற இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். "அங்க நம்ம ஊர் பொம்பளைங்க நூறு பேரு, யாரன்னு பாக்குறது?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நேற்று அகாஃபியா கிழவி வேலிக்கு மேலாகக் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். பயந்துகொண்டே போனேன். அலமாரிக்கு மேலிருந்து எதையோ இறக்கினாள். என் ரொட்டி. காய்ந்து கட்டையாகி இருந்தது.

"தின்னாதான் போய்ச் சேரும். நான் தின்னவே இல்ல, பாத்துக்க" என்றாள்.

"எலி தின்னா?" என்று கேட்டேன்.

"எலி தின்னா எலி பேருக்கு. அதுக்கு யாரு ஜெபம் படிக்கப் போறா?" என்று சொல்லி, ரொட்டியை முற்றத்தில் உடைத்துக் கோழிகளுக்குப் போட்டாள். அவை கொத்திக்கொண்டு ஓடின. "முடிஞ்சுது போ. துண்ட மட்டும் திருப்பித் தர மாட்டேன். அது நல்ல துண்டு."

வருகிற வழியெல்லாம் எனக்கு லேசாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், அப்படியானால் நீ ஏன் எழுதவில்லை என்று தோன்றியது.

ஔரிகா


ஸ்டெஜாரா, 27 ஜூலை 2003, இரவு

அம்மா,

இது உன் கைக்கு வருகிறதா என்றே தெரியவில்லை. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தபால் நிலையத்திலிருந்து மாமி உன் எண்ணுக்குப் பேசினார். ஓர் ஆண் குரல் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மாமி வெளியே வந்து, "ஆள் இல்ல" என்றார். நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இரவு அடுப்போரமே உட்கார்ந்திருந்தேன். பிறகு வலேரா, உன்னைத் தூரத்தில் ஒரு தடவை பார்த்ததாகச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் நீ இருக்கிறாய், எழுத மாட்டாய், அவ்வளவுதான். அப்பா ஒன்றும் எழுதுவதில்லை, நீயும் எழுதுவதில்லை. நீங்கள் இரண்டு பேருமே அப்படிப்பட்டவர்கள். பிள்ளையைச் செடி மாதிரி யார் வீட்டிலோ நட்டுவிட்டுப் போகிறவர்கள்.

மாமி ஒவ்வொரு ஞாயிறும் உன் உடல்நலத்துக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறாராம், டோமினிகா சொன்னாள். ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இருக்கும்.

ஔரிகா


பாதுவா, 24 ஆகஸ்ட் 2003

ஔரிகா,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

பஸ் கிளம்புவதற்கு முந்தின நாள் கிழவியம்மா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். அவள் மகன், இப்போது போனால் திரும்பி வராதே, காகிதத்தையும் மறந்துவிடு என்றான். மே மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஜூனில் அவள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த அன்றே வீட்டைப் பூட்டிவிட்டார்கள். காகிதமும் அதோடு போயிற்று. பிறகு நம் நாட்டுப் பெண்கள் சிலரோடு இருந்தேன். அங்கே மேசை இல்லை, அதனால் எழுதவில்லை. கோடைக்காலம், குளிர் இல்லாதது நல்லதாயிற்று. இப்போது வேறு வீடு கிடைத்திருக்கிறது. ஒரு கிழவர், நடக்க மாட்டார், மணி அடிக்க மாட்டார். விலாசம் கீழே இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் நான் எப்படி எழுதுவேன், சொல்.

அண்ணியின் கடிதத்தை ஆஸ்பத்திரி நடையில் நின்று படித்தேன். பிறகு உன்னுடையதைப் படித்தேன். வெயில் என்று எழுதியிருக்கிறாய். வெயில் அடித்ததற்காக யாரும் பெற்றவளைப் பிணமாக்க மாட்டார்கள். அது உள்ளே இருந்து வருவது. கைக்குழந்தையாக இருந்தபோதே உனக்கு அது உண்டு. பால் கொடுக்க நேரமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய், பிறகு வாயில் வைத்தாலும் குடிக்க மாட்டாய். உன் அப்பாவும் அப்படித்தான், ஒன்றை அறுத்தால் அறுத்ததுதான். அவன் நெஞ்சுதான் உனக்கும் வந்திருக்கிறது. அவன் போனபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மாமியிடம் மரியாதையாக இரு.

அம்மா


ஸ்டெஜாரா, 7 செப்டம்பர் 2003, இரவு

அம்மாவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். முதலில் அதற்காக அழுதேன். பிறகு மீதியைப் படித்தேன்.

அந்தப் பெண்களோடு எங்கே தூங்கினாய்? மேசை இல்லாத இடம் என்றால் கட்டில் இருந்ததா? கூரை இருந்ததா? நீ சொல்ல மாட்டாய். ஆனால் நீ எழுதாததற்கு எத்தனை காரணம் இருந்தது என்று புரிந்தது. கிழவியம்மா விழுந்தது, அவள் மகன் மிரட்டியது, வீட்டைப் பூட்டியது எல்லாம் உண்மைதான். நான் உன் இடத்தில் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒரே காரணம்: என் நெஞ்சு.

அப்பா வராததற்கும் அப்படித்தான் ஒரே காரணம் சொன்னாய். நான் அதை நம்பி வளர்ந்தேன். போன வாரம் வலேராவிடம் கேட்டேன், மாஸ்கோவில் நம் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று. அவருடைய தம்பியும் அங்கே இருக்கிறாராம். "காகிதத்த முதலாளி வாங்கி வச்சுக்குவான் புள்ள. போலீஸ்காரன் மீதியப் புடுங்கிக்குவான். வெறுங்கையோட வூட்டுக்கு வர வெக்கமா இருக்காதா?" என்றார். அப்பாவும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நாம் கேட்கவே இல்லை. மனசு இல்லாதவனுக்குக் காரணம் கிடைக்கும் என்று நீ எழுதினாய். உன் காரணங்களை மாமியிடம் படித்துக் காட்டினால் அவரும் அதைத்தான் சொல்வார்.

நானும் உத்தமி இல்லை. எனக்கு வெயில், மாமிக்குக் குணம் என்று எழுதினேன். உன் கடிதம் வந்த அன்று பால் கறந்துகொண்டிருந்த மாமியிடம் போய், அன்றைக்கு ஏன் அறைந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் மடியை விடாமலே சொன்னார்: "ஊரே பாத்துச்சுடி. நான் ஒன்ன அடிக்கலன்னா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு ஆயிரும். நாத்தனார் பணத்த தின்னுட்டு அவள சாகச் சொல்றாம்பாங்க." பிறகு, "கன்னம் வீங்கிச்சா?" என்றார். நான்கு மாதம் கழித்துக் கேட்கிறார். வீங்கியது என்றேன். அன்று பாலாடையை எனக்குத் தனியாக எடுத்து வைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை அம்மா. மாமியோ பாதிரியாரோ கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் முன்பே தெரிந்திருந்தது.

அப்பாவின் விலாசம் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

கைகளை முத்தமிடும்
ஔரிகா


பாதுவா, 5 அக்டோபர் 2003

என் ஔரிகா,

நான் சுகம். கிழவரும் சுகம். உன் கடிதம் வந்து பல நாளாயிற்று. பதில் எழுதக் கூச்சமாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

அப்பாவின் பழைய விலாசம் ஒன்று இருக்கிறது. பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவன் அங்கே இருக்கிறானா தெரியாது. நான் அந்த விலாசத்துக்கு ஒருபோதும் எழுதியதில்லை.

நீ கேட்கச் சொன்னாய். கேட்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது? காலையிலிருந்து சொல். சாப்பிட்டாயா? யார் யார் வந்தார்கள்? நீ எங்கே நின்றாய்?

என்னுடையதையும் ஒருநாள் சொல்கிறேன். அதில் காகிதம் மட்டும் இல்லை.

அம்மா


ஸ்டெஜாரா, 19 அக்டோபர் 2003

அன்புள்ள அம்மா,

நீ நலமாக இரு. நாங்கள் நலம். பட்டாணிக் கொடியைப் பிடுங்கிவிட்டோம், திராட்சை பிழிந்தாயிற்று, மாமாவின் கை கால் எல்லாம் ஊதா நிறம்.

காலையிலிருந்து சொல்கிறேன். சாப்பிடவில்லை. தானம் கொடுக்கும்முன் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று மாமி சொல்லியிருந்தார். கைகளில் மாவு ஒட்டியிருந்தது, அப்படியே குறுக்குச் சாலைக்கு ஓடினேன். விடிந்துகொண்டிருந்தபோது பஸ் வந்தது. டோமினிகாவின் அம்மா இறங்கினாள். டோமினிகா ஓடிப் போகவில்லை, யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் வெட்கப்பட்டு நின்றாள். எனக்கு அவளைத் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. எல்லோரும் இறங்கிய பிறகு வலேரா கதவைச் சாத்தாமல் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும், எனக்காகப் பார்த்தார். பிறகு பார்சலைத் தந்தார். "கிளம்புற வரைக்கும் உங்கம்மா இந்தக் கயித்த விடவே இல்ல புள்ள" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் வைத்துப் பிரித்தேன். மேலாக ஒரு கோட்டு இருந்தது. நீலம், பித்தளைப் பொத்தான், உள்ளே வழவழப்பான துணி. அப்படி ஒன்று எங்கள் பள்ளியில் யாரிடமும் இல்லை. போட்டேன். கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. முதுகில் ஏறவில்லை. இழுத்தேன், தையல் விட்டது. அது பத்து வயதுப் பெண்ணின் அளவு. நீ போன அன்று நான் இருந்த அளவு.

மாமி வந்து பார்த்தார். "பொம்மைக்கு வாங்கியிருப்பா போல" என்று சிரித்தார். நான் அழுதுவிடப் போகிறேன் என்று பயந்துதான் சிரித்தார் என இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

அம்மா, நீ அங்கே நினைத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்தக் கோட்டு அளவாக இருக்கும். அவள் இப்போது இல்லை. அவளுக்கு ஓர் அம்மா இருந்தாள், காலையில் கிணற்றடியில் நின்று தலை பின்னிவிடுவாள், சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவாள். அவளும் இல்லை. அகாஃபியா கிழவி யார் பேருக்கு என்று கேட்டபோது நான் அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். உன்னை இல்லை. பாதுவாவில் இருக்கிற உன்னை எனக்குத் தெரியாது.

இதைப் பகலில், சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமி எதிரில் இருக்கிறார், என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. கோட்டுக்கு அளவு எழுதுகிறேன் என்று நானே சொன்னேன். எழுந்து போய் நூல்கண்டை எடுத்து வந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒன்று, கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒன்று, என்மேல் வைத்து அளந்து வெட்டினார். இரண்டையும் இதற்குள் வைத்திருக்கிறேன். நீளமானது முழங்காலுக்கு.

பார்சல் வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடுவேன் என்று மாமி இரண்டு விரல் கூட்டித்தான் வெட்டியிருக்கிறார். அதைக் கழித்துவிடாதே.

உன் மகள்,
ஔரிகா